அந்திப் பொழுதில் ஒற்றை மயிர்

மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில், வேற்றுருக் கொண்டு வஞ்சி நகரத்துச் சமயவாதிகளை ஒருவர் பின் ஒருவராக அணுகி, உம்முடைய கொள்கை யாது என்று வினவிக்கொண்டே செல்லும் மணிமேகலை, ஆசீவகன்பால் வந்து நிற்கும்போது, அணுவைப் பற்றி அவன் உரைக்கும் விடையில் ஓர் உவமை வருகிறது. தனித்து நிற்கும் ஓர் அணுவைத் தெய்வக் கண் உடையோரே அறிவர். நம்மனோர் அறிவதெல்லாம் அணுக்கள் திரண்ட பொருளையே. அந்தி மயங்கும் வேளையில் மயிர்க்கற்றை கண்ணுக்குப் புலப்படுவதும், அதில் உள்ள ஒற்றை மயிர் புலப்படாது போவதும் போல என்பது அவன் சொன்னதன் சாரம். ஆசீவகம் என்றவுடன் படித்தவர்களுக்கு ஊழ்வாதமே நினைவுக்கு வருகிறது. இந்த மயிர் எப்படியோ நழுவிப் போய்விடுகிறது. எனக்கோ அவர்கள் சொன்னவற்றுள் எஞ்சியது இது ஒன்றே ஆயினும் போதும் என்று தோன்றுவதுண்டு. தொகுதியாகவே நமக்குத் தோன்றும் இவ்வுலகத்தில் தனிப்பொருள் ஒன்றை, அதன் தனிமையிலேயே, அறிய முடியுமா? முடியுமெனின் அவ்வறிவு காட்சியா, கருத்தளவையா, அன்றித் தெய்வக் கண்ணுக்கே உரிய தனிச்சொத்தா?

வேதாந்திகள் தொகுதியைச் சமஷ்டி என்றும் தனியை வியஷ்டி என்றும் வழங்குவர். காட்டைக் காண்பவன் மரத்தைக் காண்பானா என்ற கேள்விக்கு, கொஞ்சம் அருகே சென்றால் காண்பான் என்று எளிதாக விடை கூறிவிடலாம். எத்தனை அருகே சென்றாலும் காடாகவே தோன்றும் பொருள்களைப் பற்றியதே நம் வழக்கு.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: நடுப்பகலில் ஓட்டின் இடுக்கு வழியே இருண்ட அறைக்குள் சாய்ந்து விழும் வெயிற்கற்றையில் தூசிகள் ஏறுவதும் இறங்குவதுமாக மிதந்துகொண்டிருக்கும். கண்ணுக்குப் புலனாகும் பொருள்களில் அதுவே மிகச் சிறியது என்று கொண்டு, அதற்குத் திரசரேணு என்று பெயரிட்டு, அது மூன்று துவியணுகங்களால் ஆயது, துவியணுகம் ஒவ்வொன்றும் இரண்டு பரமாணுக்களால் ஆயது என்று கணக்கிட்டுக் கீழ்நோக்கி இறங்கினார்கள் கணாதரின் வழிவந்த வைசேஷிகர்கள். பரமாணு கண்ணுக்கு எட்டாது, அனுமானத்துக்கு எட்டும், யோகியின் பிரத்தியட்சத்துக்கும் எட்டும் என்பது அவர்கள் முடிவு. அத்துடன் நில்லாமல், எல்லா வகையிலும் ஒத்திருக்கும் இரு பரமாணுக்களையும் ஒன்றினின்று ஒன்றைப் பிரித்து நிறுத்துவதற்கு விசேஷம் என்னும் ஒரு பதார்த்தம் அவை ஒவ்வொன்றிலும் உறைகிறது என்றும் அவர்கள் வற்புறுத்தினார்கள். அந்தத் தரிசனத்துக்குப் பெயரே அதனால் வந்தது என்பர்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பழைய நூலில் அணு என்ற சொல்லைக் கண்டவுடனே அணுகுண்டு முதல் அணு உலை வரை யாவும் அதிலேயே அடக்கம் என்று பறைசாற்றும் அன்பர்கள் நம்மிடையே எக்காலத்திலும் இருந்து வருகிறார்கள். திரசரேணுவுக்குப் பரமாணு ஆறு என்பது வைசேஷிகக் கணக்கு. வெயிலில் மிதக்கும் தூசி ஒன்றிலுள்ள அணுக்களின் தொகையோ லட்சம் கோடியையும் தாண்டிச் செல்வது. முன்னோர்களின் விடை பொய்த்தது, கேள்வி பொய்க்கவில்லை. அவர்களுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, அந்தக் கேள்வியை அவர்கள் கேட்ட அதே கண்டிப்புடன் இன்றைய பொருள்களின்மீதும் கேட்பதேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரத்துப் பௌதிக சாஸ்திரிகளிடையே இதே வழக்கு வேறு உடையில் நடந்தது. புலன்களுக்கு எட்டாத அணுவைப் பேசுவது கணக்குக்கு உதவும் கற்பனையே ஒழிய வாஸ்தவம் ஆகாது என்றார் எர்ன்ஸ்ட் மாக். வாயுவின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் எண்ணிறந்த மூலக்கூறுகளின் ஓட்டத்தால் விளக்கி, அவை உள்பொருளே என்று வாதாடிய லுட்விக் போல்ட்ஸ்மான், மனச்சோர்வுக்கு இரையாகி 1906-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டில் ஐன்ஸ்டைன் எழுதியிருந்த கணிதத்தைத் துணையாகக் கொண்டு, நீரில் மிதக்கும் பிசின் துகள்களின் ஓயாத நடுக்கத்தை நுண்பெருக்கியின் கீழ் அளந்த ழான் பெரன் என்னும் பிரெஞ்சு அறிஞர், மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பல வழிகளில் கணித்து, வழி வேறாயினும் விடை ஒன்றே ஆதலைக் காட்டினார். எதிரணியின் தலைவர்களுள் ஒருவரான ஆஸ்ட்வால்ட் 1909-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அணு வென்றது. ஆயினும் அந்த வெற்றி முழுவதும் சமஷ்டியின் வெற்றியே: இத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று தெரிந்ததே தவிர, அவற்றுள் இதோ ஒன்று என்று சுட்ட ஒருவராலும் முடியவில்லை. உபநிடதங்களில் ஊறித் திளைத்த ஷ்ரோடிங்கரே, 1952-இல் எழுதிய ஒரு கட்டுரையில், தனி எலெக்ட்ரானையோ தனி அணுவையோ வைத்துப் பரிசோதனை செய்வதென்பது மனத்தளவில் நிகழ்வதேயன்றி மெய்யாக நிகழ்வதன்று என்று கருதி, அழிந்தொழிந்த பண்டைக் கடற்பல்லியை மிருகக்காட்சிசாலையில் வளர்க்க முயல்வதற்கு அதனை ஒப்பிட்டார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் அத்வைதத்தில் மனம் தோய்ந்த ஒருவருக்கு வியஷ்டியின்மேல் இத்தனை அவநம்பிக்கை இருந்தது தற்செயலோ, என்னவோ. எப்படியாயினும் கால் நூற்றாண்டுக்குள் அவர் வாக்கு பழுதாயிற்று. 1976-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் நேஹர், சாக்மன் என்னும் இருவர், தவளைத் தசையின் சவ்வில் உள்ள ஒற்றைப் புரதவாயில் ஒன்று திறப்பதையும் மூடுவதையும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாகப் பதிவு செய்துவிட்டனர்.

நான் இங்கே விரித்துரைக்க விரும்புவது அதற்குப் பிற்பட்ட ஒரு கருவியை. ஜப்பானில் ட்சுகுபா நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் சுமியோ இஜிமா என்பவர் 1991-இல் எலெக்ட்ரான் நுண்பெருக்கியின் வழியே கண்டு உலகுக்கு அறிவித்த கார்பன் நானோகுழாய், இரண்டாண்டுக்குப் பின் ஒற்றைச் சுவருடையதாகவும் கிடைத்தது. பென்சில் முனையிலுள்ள கிராஃபைட்டில் கரியணுக்கள் தேன்கூட்டு வடிவில் பரந்து ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருக்கின்றன அல்லவா? அவ்வேட்டில் ஒன்றை மட்டும் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால் கிடைக்கும் வடிவமே இக்குழாய். இதன் குறுக்களவு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். அஃதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. ஆசீவகன் அந்தியில் காணாது விட்ட அந்த ஒற்றை மயிர் இதைப்போல் அரை லட்சம் முதல் ஒரு லட்சம் மடங்கு வரை பருமனுடையது.

சிறுமையைவிட வியக்கத்தக்க வேறொரு குணம் இதற்கு உண்டு. இதற்கு உள் என்பதே இல்லை. செம்புக் கம்பியில் மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள் சில. உள்ளே புதைந்திருப்பன பல. கம்பியின்மேல் ஒரு மூலக்கூறு வந்து அமர்ந்தால், தேரோடும் வீதியின் ஓரத்தில் ஒரு சிறுவன் வந்து நின்றாற்போல, ஓட்டத்துக்கு அதனால் யாதொரு தடையும் இல்லை. குழாயிலோ அணுக்கள் யாவும் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. மின்னோட்டம் முழுவதும் தோலின்மீதே நடக்கிறது. வயல் வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்து செல்பவர்களுக்கு எதிரே ஓர் ஆடு வந்து நின்றால் வரிசை முழுவதும் தயங்குமல்லவா, அதுபோல மின்னேற்றம் உடைய சிறுபொருள் ஒன்று அருகே வந்தமாத்திரத்தில் குழாயின் ஓட்டம் முழுவதும் மாறிவிடுகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் 1998-இல் சீஸ் டெக்கரும் அவர் குழுவினரும் இத்தகைய ஒற்றைக் குழாயைக் கொண்டே டிரான்சிஸ்டர் ஒன்றைச் செய்தனர். இரண்டு உலோக முனைகளுக்கு இடையே பாலம்போல் குழாய் கிடக்க, அதற்கு அடியிலுள்ள சிலிக்கனின் மின்னழுத்தம் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. அடியிலிருந்து நாம் செய்யும் அதே காரியத்தை மேலிருந்து ஒரு மூலக்கூறு செய்யட்டுமே என்பதே பின்னர் வந்தவர்களின் யோசனை.

2000-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜீ டாய் என்பவரின் குழுவினர், குழாயின்மீது நைட்ரஜன் டைஆக்ஸைடு கலந்த காற்றைச் செலுத்தியபோது மின்னோட்டம் பன்மடங்கு பெருகியது. அம்மோனியாவைச் செலுத்தியபோது அருகியது. சில வினாடிகளுக்குள் விடை. அது பல மூலக்கூறுகளின் கூட்டுத் தாக்கமாயினும், வழி திறந்துவிட்டது. ஆனால் வெறும் குழாய்க்கு ஒரு பேதைமை உண்டு. ஆக்ஸிஜன் பட்டாலும் அசைகிறது, நீராவி பட்டாலும் அசைகிறது. ஏதோ பட்டது என்று சொல்லுமே ஒழிய இன்னது பட்டது என்று சொல்லாது. நம் அளவை நூலார் காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என இருவகையாகப் பிரிப்பார்கள். பெயர், சாதி, குணம் ஆகிய வேறுபாடுகள் இன்றி, உண்மை மாத்திரையாக ஒன்று தோன்றுதல் முன்னது. இது இன்னது என்று தெளிதல் பின்னது. வெறும் குழாயின் அறிக்கை நிருவிகற்பம் போன்றது. அதைச் சவிகற்பமாக்குவதற்குக் குழாய்க்கு ஒரு பக்குவம் செய்யவேண்டியிருந்தது.

அந்தப் பக்குவங்களில் ஒன்று கேட்பதற்கே விசித்திரமானது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பிலிப் காலின்ஸும் அவருடைய மாணாக்கர்களும், 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அமிலக் கரைசலில் கிடக்கும் குழாயின் மின்னோட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஓட்டம் ஒரே ஒரு படி கீழே விழுந்த கணத்தில் ரசாயன வினையை நிறுத்திவிட்டார்கள். அந்தப் படி, குழாயின் குற்றமற்ற தேன்கூட்டில் ஒரே ஒரு இடத்தில் ஒரு பிணைப்பு குலைந்ததன் அடையாளம். அந்தக் குறை உள்ள இடத்தில்தான் வேறொரு மூலக்கூறைக் கட்ட முடியும். அங்கே நிகழ்வதே குழாயின் ஓட்டத்தைப் பெரிதும் ஆட்டி வைக்கும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2011-இல் இப்படிப்பட்ட ஓர் ஒற்றைக் குறையில் டிஎன்ஏ இழை ஒன்றைக் கட்டிவைத்து, அதற்கு இணையான இழை கரைசலிலிருந்து வந்து பின்னுவதையும் விலகுவதையும், பின்னும்போது ஓட்டம் தாழ்ந்தும் விலகும்போது உயர்ந்தும் வருவதைக் கொண்டு பதிவு செய்தார்கள். எந்த ஒளிரும் சாயமும் பூசாமல், பிணைவதும் பிரிவதும் தம் கணக்கைத் தாமே எழுதின. குறையைப் போற்றிப் பேசுவதற்கு இது நல்ல வாய்ப்பு. ஆயினும் குறைகள் இரண்டு மூன்றாகிவிட்டால் எது எங்கே பட்டது என்பதே தெரியாமல் போய்விடும் என்பதால், அந்தப் பிரசங்கத்தை நான் செய்யப்போவதில்லை.

இர்வைன் வளாகத்தில் காலின்ஸும் கிரிகரி வைஸும் சேர்ந்து செய்து 2012-இல் வெளியிட்ட பரிசோதனையே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூலக்கூறு லைசோசைம் என்னும் நொதி. லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-இல் இதை உலகுக்கு அறிவித்தார். பெனிசிலின் அவருக்குப் பின்னர்க் கிடைத்த பேறு. மூக்குச் சளியிலும் கண்ணீரிலும் இது நிறைய இருப்பதைக் கண்ட அவர், ஆராய்ச்சிக்குக் கண்ணீர் வேண்டி, எலுமிச்சையைக் கண்ணில் பிழிந்து கண்ணீர் சேகரித்தார் என்பது வரலாறு. பாக்டீரியாவின் சுவரில் உள்ள சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டுவது இதன் தொழில். பரிசோதனைக்கு வந்தது கண்ணீரில் உள்ளது அன்று, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு உரியது, தொழில் ஒன்றே. பாக்குவெட்டியின் இரு அலகுகளைப் போல இதற்கும் இரு பாகங்களும் அவற்றுக்கிடையே ஒரு கீலும் உண்டு. பிணைப்பைக் கவ்வும்போது மூடி, விடும்போது திறக்கிறது. தட்டையான பைரீன் என்னும் கரிச்சேர்மத்தின் ஒரு முகம் குழாயின்மேல் ஒட்டிக்கொள்ள, மறுமுனை நொதியின் ஒரே ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பற்றிக்கொள்ள, இவ்வாறு ஒரு குழாய்க்கு ஒரு நொதியாகக் கட்டிவிட்டு, வெட்டுவதற்குரிய பொருளைக் கரைசலில் இட்டு, மின்னோட்டத்தைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அலகுகள் அசையும்போது நொதியின் மேலுள்ள மின்னேற்றங்கள் குழாய்க்கு அருகே வந்தும் விலகியும் ஓட்டத்தை மாற்றின.

பத்து நிமிஷம் என்பது நமக்கு ஒரு காப்பி ஆறும் நேரம். ஒளிரும் சாயத்தை ஒட்டித் தனி மூலக்கூறைக் காணும் பழைய முறையில் சாயம் சிறிது நேரத்தில் வெளிறி அவிந்துவிடும். அந்த அளவுக்கு இது ஒரு யுகம். அந்த யுகத்தில் அவர்கள் கண்டது யாதெனில், அந்த ஒற்றை நொதி சராசரியாக 100 பிணைப்புகளை, வினாடிக்கு 15 வீதம், இடைவிடாது வெட்டிச் செல்கிறது. பின்னர் வினாடிக்கு 330 முறை வீதம், பாக்கே இல்லாத பாக்குவெட்டியைப்போல, எதையும் வெட்டாமல் திறந்து திறந்து மூடுகிறது. சில வேளை மூடிய நிலையிலேயே சும்மா கிடக்கிறது. மூடுவது ஒரே அடியில் நிகழ்கிறது. திறப்பதற்கு இரண்டு அடிகள் தேவைப்படுகின்றன. அது மட்டுமன்று, அதே மூலக்கூறு, அதே கரைசலில், அதே வெப்பத்தில், ஒரு நிமிஷம் இருந்த வேகத்தில் மறு நிமிஷம் இருப்பதில்லை. அதிக வேகமாகத் துடிதுடிக்கும் நேரமே அது ஒன்றும் செய்யாத நேரம் என்பது, வெறும் வாயை மெல்லுவோர் நிறைந்த உலகத்தில் நமக்குப் புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை.

தத்துவத்துக்கு உரிய செய்தி இன்னொன்று. கரைசலின் அமிலத்தன்மை மாறினால் லைசோசைமின் வேலைத்திறம் மாறும் என்பது பழைய பாடம். கோடானுகோடி நொதிகள் நீந்தும் குப்பியில் அளந்தால் வேலை பாதியாகக் குறைந்தது என்றுதான் தெரியும். நெசவுத் தெரு ஒன்றில் நூறு தறிகள் இருந்து, நாளொன்றுக்கு நூறு சேலை வரவேண்டிய இடத்தில் ஐம்பது வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நெசவாளியும் பாதி வேகத்தில் நெய்தாலும் ஐம்பதே. ஐம்பது பேர் முழு வேகத்தில் நெய்ய, ஐம்பது பேர் தறியில் ஏறாமலே இருந்தாலும் ஐம்பதே. அத்தனை பேரும் அரை நாள் நெய்து அரை நாள் திண்ணையில் சாய்ந்திருந்தாலும் ஐம்பதே. தெருக்கோடியில் கணக்கெழுதுபவனுக்கு இம்மூன்றும் ஒன்று. ஒரு வீட்டின் வாசலில் நாள் முழுதும் காத்திருப்பவனுக்கோ இவை மூன்று வெவ்வேறு உண்மைகள். நொதியின் வாசலில் காத்திருந்தவர்கள் கண்டது, வெட்டும்போது அதன் வேகம் குறையவில்லை, வெட்டாமல் கழிக்கும் நேரமே கூடுகிறது என்பதை. பாதி வேகத்தில் வெட்டும் நொதி என்று ஒன்று அந்தக் குப்பியில் எங்குமே இல்லை. சமஷ்டி நமக்குத் தந்த அறிவு பொய்யன்று. ஆனால் அது ஒருவரைப் பற்றிய அறிவும் அன்று. சராசரி என்பவன் எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை.

இதற்கு எதிராகச் சாந்தோக்கிய உபநிடதத்தை ஒருவர் எடுத்துக்காட்டலாம். ஒரு மண்ணுருண்டையை அறிந்தால் மண்ணால் ஆன யாவும் அறியப்பட்டனவாகும் என்று உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கிறார். அப்படியாயின் தனியை அறிவதும் பொதுவை அறிவதும் வேறல்லவே என்று கேட்கலாம். இக்கேள்வியை நான் பல நாள் மனத்தில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். புள்ளியியலார் கூறும் நியதி ஒன்று உண்டு: ஒரு கணத்தில் பல மூலக்கூறுகளிடம் காண்பதை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நெடுநேரம் ஒரு மூலக்கூறிடமே காணலாம் என்பது. அவ்வகையில் உத்தாலகர் சொன்னது மெய்யே. ஆனால் அந்த உருண்டையின்முன் எவ்வளவு நேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. ஒரு கணம் பார்த்தவன், சும்மா கிடக்கும் நொதியைக் கண்டு எல்லா நொதியும் சும்மா கிடக்கும் என்று சாதிப்பான். மேலும், உருண்டையிலிருந்து மண்ணை அறியலாம். மண்ணிலிருந்து அந்த உருண்டையை அறிய வழியில்லை. தனியிலிருந்து பொதுவுக்குச் செல்லும் பாதை ஒருவழிப் பாதை.

இனி, இவ்வறிவு எந்தப் பிரமாணத்தைச் சார்ந்தது? ஆராய்ச்சியாளர் கண்ணால் கண்டது மேலும் கீழும் குதிக்கும் ஒரு கோட்டையே, நொதியை அன்று. மூலக்கூறுக்கும் மனிதருக்கும் நடுவே குழாயும் உலோக முனையும் பெருக்கியும் பதிவுப்பொறியும் இருக்கின்றன. ஆகவே புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதுபோல இதுவும் அனுமானமே என்பார் பலர். அனுமானம் என்றே கொண்டாலும் இது முறையான அனுமானம். நொதியும் வெட்டுபொருளும் இருக்கும்போது அந்தக் குதிப்பு இருந்தது. நொதி இல்லாத குழாயில் அது இல்லை. நொதி இருந்தும் வெட்டுபொருள் இல்லாதபோதும் அது இல்லை. உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் ஏதுவைச் சோதிப்பதை அன்வயம், வெதிரேகம் என்று நம் தருக்க நூல்கள் கூறும். நொதியின்மேலுள்ள மின்னேற்றங்களை வேண்டுமென்றே மாற்றி அமைத்தபோது குதிப்பும் அதற்கேற்ப மாறியது என்பது, இத்தகைய சோதனைக்கு மேலும் ஒரு படி.

என் கருத்து சற்று வேறு. குழாய் சடப்பொருள், ஆதலின் அதன்வழி வருவது காட்சி ஆகாது என்று கூறுவோர், கண்ணும் செவியும் மட்டும் என்ன பொருள் என்பதைச் சொல்ல வேண்டும். பொறிகள் சடமே, உயிர் நின்று உணர்த்தினாலன்றி அவை ஒன்றையும் உணரமாட்டா என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. செவிப்பறையின் அதிர்வும் நரம்பின் மின்துடிப்பும் நடுவே இருந்தும் கேள்வியைக் காட்சி என்று ஒப்புக்கொள்ளும் நாம், நரம்பைப் போலவே மின்துடிப்பால் பேசும் இந்தக் குழாயின் வழி வருவதை மட்டும் ஏன் தள்ளவேண்டும்? கண்ணாடி அணிந்த கிழவர் பேரனின் முகத்தை அனுமானிப்பதாக யாரும் சொல்வதில்லை. பழகாதவனுக்கு அனுமானமாக இருப்பது பழகியவனுக்குக் காட்சியாகிறது. ஐயமும் திரிபும் நீங்கும் அளவும் அனுமானம் அதற்குக் காவல் நிற்கிறது. ஆகவே இது காட்சியே என்று கொள்வேன். ஐம்பொறிகளுள் எதனோடு ஒக்கும் என்று கேட்டால் கண்ணோடு அன்று, மெய்யோடு என்பேன். இது பார்ப்பதில்லை. இது தொடுகிறது.

தொடுதல் என்ற சொல்லிலிருந்து விளையும் ஒரு கேள்வி, நம்மை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே இழுத்துச் செல்வது. பதினோராம் நூற்றாண்டில் இஸ்லாமிய உலகத்துத் தத்துவ ஞானிகளிடையே ஒரு பெரும் விவாதம் எழுந்தது: இறைவன் தனிப்பொருள்களை அறிகிறானா? 1037-இல் மறைந்த இப்னு சீனா, இறைவன் தனிப்பொருள்களையும் அறிகிறான், ஆனால் பொதுமையின் வாயிலாக அறிகிறான் என்றார். சூரிய கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வரப்போகிறது என்று அறிவதும், வந்திருக்கிறது என்று அறிவதும், வந்து போயிற்று என்று அறிவதும் மூன்று வேறு அறிவுகள், இவற்றை முறையே உடையவன் எவனோ அவன் மாறுபவன், இறைவன் மாறாதவன், ஆதலின் கிரகணத்துக்குரிய நித்திய நியதியை அறிவதே அவனுக்கு ஏற்றது என்பது அந்தப் பக்கத்தின் வாதம். 1095-இல் தத்துவவாதிகளைக் கண்டித்து நூல் எழுதிய இமாம் கஸாலி, அவர்களுடைய கொள்கைகளுள் சமயத்துக்கே புறம்பானவை என்று மூன்றைப் பிரித்தெடுத்தார். இது அம்மூன்றில் ஒன்று. இன்னாரென்று ஒருவனை அறியாத இறைவன், அவன் செய்த நன்மை தீமைகளையும் அறியானே. அப்பொழுது சமயம் என்ற ஒன்றுக்கு என்ன மிச்சம் என்பது அவர் கேட்டதன் உட்கிடை. தலைமயிர் ஒவ்வொன்றும் எண்ணப்பட்டிருப்பதாகக் கூறும் கிறிஸ்தவ வேதமும் இவ்வழக்கில் கஸாலியின் அருகில்தான் நிற்கும்.

தத்துவவாதிகளின் அச்சம் வீணான அச்சம் என்று முன்னெல்லாம் எண்ணியிருந்தேன். குழாயைப் பற்றிப் படித்த பின்பு அப்படி எண்ணக் கூடவில்லை. மாறும் தனிப்பொருளை அறிய வேண்டுமாயின் அறியும் கருவி அதனோடு சேர்ந்து மாறியே ஆகவேண்டும். ஓட்டம் மாறாத குழாய் எதையும் அறிவிக்காத குழாய். தொடப்படாமல் தொடுதல் என்பது இங்கே இல்லை. எதனைச் சார்கிறதோ அதன் இயல்பாய் நிற்பது உயிரின் தன்மை என்று சித்தாந்திகள் பளிங்கை உவமை காட்டிச் சொல்வார்கள். உள்ளென்று ஒன்றில்லாத இக்குழாய்க்கும் அந்தத் தன்மையே தொழிலாக இருக்கிறது. ஆனால் அவர்களே, இறைவனைப் பற்றிப் பேசும்போது, சூரியன்முன் ஒரு தாமரை மலர்ந்தும் ஒன்று முகையாய் நின்றும் ஒன்று வாடியும் போகச் சூரியன் மாறாதிருப்பது போல அவன் விகாரமின்றி நிற்கிறான் என்பார்கள். அது கம்பீரமான உவமைதான். ஆயினும் சூரியனுக்கு எந்தத் தாமரை வாடிற்று என்று தெரியுமா?

கரிக்குழாய் ஒன்று கடவுளைப் பற்றி எதையும் நிரூபிக்கமாட்டாது. அப்படி நிரூபிப்பதாக யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். கேள்வியின் விலையை மட்டும் அது தெளிவாக எழுதிக் காட்டுகிறது: மாறாதவனாகவும் இருந்து, மாறும் ஒருவனை அவனாகவே அறிபவனாகவும் இருப்பதற்கு, நமக்குத் தெரிந்த எந்த அறிதலையும் உவமை சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றை முதலாகப் பற்றவேண்டுமென்றால், சாஸ்திரத்தைவிடப் பாமரர் கதை துணிந்து நிற்கிறது. மதுரையிலே வந்தி என்னும் கிழவியின் பிட்டுக்காகக் கூலியாளாய் வந்த சோமசுந்தரன் பாண்டியனிடம் பிரம்படி பட்டபோது, அவ்வடி ஒரு முதுகில் விழுந்து எல்லா உயிர்களின்மேலும் பட்டது என்று திருவிளையாடல் கூறும். தத்துவவாதி கேட்டால் நடுங்கிப்போகும் கதை அது; அடி வாங்கியவன் மாறாதவன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் வந்தி என்ற ஒருத்தியை, வந்தியாகவே அறிந்தவன் அவன் ஒருவனே. சமஷ்டியை ஆளும் நியதியை நான் வணங்கத் தயார். அதனிடம் என் குறையைச் சொல்லிக்கொள்ளத் தோன்றாது. இவ்வழக்கில் என் வாக்கு கஸாலிக்கே.

ஆசீவகன் தெய்வக் கண்ணுக்கு ஒதுக்கி வைத்ததில் ஒரு சிறு பங்கை மனிதர் இன்று ஒரு குழாயின் தோலால் தொட்டுவிட்டனர். அவ்வுவமையைச் சொன்ன ஆசீவகருள் இன்று ஒருவரும் இல்லை. அவர்களுடைய நூல்களும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒற்றை மயிரை, அவர்களை மறுத்த பௌத்தரின் காப்பியத்தில்தான் நாம் படிக்கிறோம்.